வெட்டு, குத்துச் செய்திக்குக் கீழே ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பைத் தினமும் படிப்பவள் நான். உள்பக்கத்தில் வெட்டு, குத்து, செயின் பறிப்பு என்று ஒன்று இல்லாத நாள் கிடையாது. என்ன முன்விரோதம், எந்தத் தெருமுனை, எத்தனை தனிப்படை என்று எல்லாம் எழுதுகிறீர்கள். வெட்டுப்பட்டவரைப் பற்றி மட்டும் கடைசியில் 'ரத்த வெள்ளத்தில் மீட்கப்பட்டு அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்' என்று ஒரு வரி வருகிறது. அதற்குப் பிறகு அவர் பிழைத்தாரா, வேலைக்குப் போனாரா, வைத்தியச் செலவுக்கு என்ன செய்தார் என்று எந்த நாளும் வருவதில்லை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த வரிக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அது என்ன வரி, ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வன்முறைக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு அரசாங்கம் இழப்பீடு தர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து 2009ஆம் ஆண்டு கடைசியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்த பிறகு அதே விஷயம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396ஆவது பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2013இல் இதற்கென்று திட்டம் போட்டார்கள். பெண்களுக்கு 2018இல் தனித் திட்டமே வந்தது. அதாவது இது பல வருஷமாக இருக்கிற உரிமை. இதைக் கேள்விப்பட்டவர்களை எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் குடும்பத்தில் இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். என் அண்ணனுக்கு வேலை சரியாக அமையவில்லை, வீட்டைத் தூக்கி நிறுத்தியது மதினிதான். மேலூர் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. மதினி விடியுமுன் முதல் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், மல்லிகையும் பிச்சியும் வாங்கி வந்து, கட்டி, முழக்கணக்கில் விற்பவர். மார்கழியில் ஒருநாள், நல்ல பனி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் செயினை இழுத்திருக்கிறார்கள். மதினி விடவில்லை. தாலியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கத்தியால் அந்தக் கையிலேயே கீறிவிட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டான். பைக்கில் நம்பர் பிளேட் இல்லை, முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். இந்தக் கடிதம் எழுதுகிற இன்று வரை அவர்கள் பிடிபடவில்லை.

செயின் போனதைக்கூட விட்டுவிடலாம். கையில் நரம்பு அறுந்துவிட்டது. தையல் போட்டு, அப்புறம் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, விரல் பயிற்சி எல்லாம் கொடுத்தார்கள், அங்கே டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாக மடங்கவில்லை. பூக்கட்டுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது என்ன நஷ்டம் என்று புரியும். இடது கைப் பெருவிரலுக்கும் அந்த இரண்டு விரலுக்கும் நடுவில்தான் மொட்டுகள் நிற்கும், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று காம்பு சேர வைத்து, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி விழும். மதினி டிவி பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே கட்டுவார், கையைப் பார்க்கவே மாட்டார். இப்போது மொட்டு நிற்காமல் நழுவி மடியில் விழுகிறது. கண்ணி இறுகுவதில்லை, தலையில் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். டாக்டர் கொடுத்த தாளில் இது இத்தனை சதவீத ஊனம் என்று ஒரு சின்ன எண்ணாக இருக்கிறது. வீட்டில் அதுதான் அடுப்பு எரிவதற்கும் எரியாததற்கும் நடுவில் நிற்கிறது.

அந்தச் சமயத்தில் எங்களுக்குப் புத்தி சொல்லாதவர்கள் இல்லை. 'திருடனைப் பிடித்தால்தான் ஏதாவது கிடைக்கும்', 'கேஸ் முடிந்து தீர்ப்பு வந்தால்தான் கோர்ட்டில் கேட்க முடியும்', 'எம்.எல்.ஏ.வைப் பார்த்து ஒரு மனு கொடுங்கள்' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். படித்தவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள், ஒரு வக்கீல் குமாஸ்தாகூட இதையேதான் சொன்னார். எல்லாமே தப்பு. குற்றவாளி யாரென்று தெரியவில்லை, அல்லது பிடிபடவில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும், கோர்ட்டில் விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை என்றால், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி இருப்பவர்களோ நேராக, இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவைப் படித்தபோது எங்கள் மதினியை நினைத்து எழுதியது போலவே இருந்தது. வழக்கு நடந்து குற்றவாளி விடுதலையாகிவிட்டால்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று தெரிந்தால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரை செய்யலாம். தண்டனை குற்றவாளியின் கணக்கு. இழப்பீடு பாதிக்கப்பட்டவரின் கணக்கு. இரண்டையும் ஒரே கணக்காக நினைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் காத்துக்கிடக்கிறார்கள்.

இதை எங்களுக்குச் சொன்னவர் போலீஸ்காரர் இல்லை, டாக்டரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடைய லாரி விபத்து வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது, அவருக்குத் துணையாக என் அண்ணன் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருந்தான். அங்கே சட்டத் தன்னார்வலர் என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்திருக்கிறார், பேச்சுவாக்கில் இவன் வீட்டுக் கதையைச் சொல்ல, அந்த அம்மா 'இதற்கு இங்கேயே மனு கொடுக்கலாமே, ஏன் சும்மா இருக்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார். லாரிக்காரர் வழக்கு அன்று வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு இன்று வரை தெரிந்திருக்காது. ஒரு உரிமை இப்படித் தற்செயலாகவா ஒரு குடும்பத்துக்கு வந்து சேர வேண்டும்?

விபத்து வழக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் பாருங்கள். நம் ஊரில் வண்டியில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். அடிபட்டவர் வார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'கேஸ் போடலாமா' என்று கேட்டு ஆள் வந்துவிடும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியாக இருந்தாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் என்று இருக்கிறது. அதே ரோட்டில், அதே இடத்தில், அரிவாளால் வெட்டுப்பட்டுக் கிடந்தால் யாரும் வருவதில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. விபத்து வழக்கில் வக்கீலுக்குப் பங்கு கிடைக்கும், இதில் கிடைக்காது. இதற்கு வக்கீலே தேவையில்லை, கோர்ட் ஃபீஸ் இல்லை, ஒரு விண்ணப்பமும் சில நகல்களும் போதும். யாருக்கும் லாபமில்லாத உரிமையை யார் வந்து சொல்லுவார்கள்? அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

காகிதம் சேர்ப்பதில் நாங்கள் பட்டதை மற்றவர்கள் பட வேண்டாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மதினியை முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அங்கே ரத்தத்தை நிறுத்தித் தையல் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பட்ட காயம், யார் செய்தது என்று எதையும் விபத்துப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அது முதல் மருத்துவமனையில் இல்லாமல் போனதால் பின்னால் ஒவ்வொரு இடத்திலும் 'இந்தக் காயம் அன்றைக்குத்தான் பட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி' என்று கேள்வி வந்தது. அதனால் யாராவது அடிபட்டால், எந்த மருத்துவமனையாக இருந்தாலும், 'கத்தியால் குத்தினார்கள்', 'பெயர் தெரியாத இரண்டு பேர்' என்று வாயால் சொல்லி எழுத வையுங்கள். கீழே விழுந்தேன் என்று பயத்தில் சொல்லிவிடாதீர்கள், குறிப்பாகப் புருஷன் அடித்த காயத்தைப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் பெண்கள். ஏட்டில் ஏறிய முதல் வார்த்தைதான் கடைசி வரை பேசும்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. முதலில் மனு ரசீது கொடுத்தார்கள், சி.எஸ்.ஆர். இழப்பீட்டு மனுவோடு வைக்க முதல் தகவல் அறிக்கையின் நகல்தான் வேண்டும், ரசீது போதாது. முதல் தகவல் அறிக்கை போட்டபோதும் செயின் போனதைப் பெரிதாக எழுதி, கை வெட்டுப்பட்டதை லேசான காயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பின்னால் ஆஸ்பத்திரியிலிருந்து காயச் சான்று வந்து, அதில் கொடுங்காயம் என்று இருந்த பிறகு பிரிவை மாற்றச் சொல்லி அலைய வேண்டியிருந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு மட்டும் என்றில்லை, பாதிக்கப்பட்டவருக்கும். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுக்கு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை, நாங்கள்தான் போய்ப் போய்க் கேட்டோம்.

ஏ.ஆர். காப்பி, முதல் தகவல் அறிக்கை நகல் என்ற இந்த இரண்டு தாளோடு சிகிச்சை பெற்ற விவரம், ஆதார், வங்கிப் பாஸ்புக், ஊனம் இருந்தால் அதற்கான சான்று, உயிரிழப்பாக இருந்தால் இறப்புச் சான்றும் தாலுகா ஆபீஸில் வாங்கும் வாரிசுச் சான்றும். இவ்வளவுதான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆட்கள் அதற்காக மதுரைக்கு வர வேண்டியதில்லை, அந்தந்த ஊர் நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, போய்க் கேட்டால் வழிகாட்டுவார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பயப்படவே வேண்டாம், சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பார்கள், மதினிக்கு அப்படித்தான் எழுதினார்கள். விண்ணப்பிக்கக் காலவரம்பு உண்டு, அதனால் தள்ளிப்போடாமல் கையில் கிடைத்த தாளோடு போய் நிற்பதுதான் நல்லது. மற்ற தாள்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

தொகையைப் பற்றிக் கேட்பீர்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தயாரித்து உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்ட பெண்கள் திட்டத்தில், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், அதிகபட்சம் 10 லட்சம். பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 முதல் 10 வரை. அமிலவீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். எங்களைப் போன்ற காயங்களுக்கு ஊனச் சதவீதத்தைப் பொறுத்து லட்சத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆண்களுக்கு 2013 திட்டம், அதில் தொகை வேறு. களவு போன நகைக்கு இதில் பட்டியலே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன், வீணாக எதிர்பார்த்துப் போக வேண்டாம். கொடுக்கிற தொகையிலும் பெரும்பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, 25 சதவீதம் அளவுக்குத்தான் உடனே எடுக்க விடுகிறார்கள். மதினிக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இப்போது, கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது அந்தப் பணம் கையில் இல்லாமல் இருந்ததே நல்லது என்கிறார்.

ஆனால் தொகையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அது நேரம். மனுவை விசாரித்து இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கும் முன்னால், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால் உடனடி மருத்துவ உதவியோ இடைக்கால நிவாரணமோ தர ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. அமிலவீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம், அதில் 1 லட்சத்தை 15 நாளில் கொடு, மீதியை இரண்டு மாதத்தில் கொடு என்று நாள் குறித்தே உத்தரவு போட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த நேரம் ஏன் முக்கியம் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஊரில் கோயில் திருவிழாவில் ஒரு தகராறு. யார் முதலில் வடம் பிடிப்பது என்பதில் ஆரம்பித்து ஒரு பையன் தலையில் வெட்டுப்பட்டான். கூலிவேலைக் குடும்பம். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் கூட இருக்கிறவருக்குச் சாப்பாடு, பஸ்ஸுக்கு, வெளியில் எழுதிக் கொடுக்கும் ஸ்கேனுக்கு, வேலைக்குப் போகாத நாளுக்கு என்று கந்துவட்டிக்கு வாங்கினார்கள். மூன்றாவது வாரம் வெட்டிய வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். 'நடந்தது நடந்துபோச்சு, வைத்தியச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், கோர்ட்டில் இருட்டில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்' என்று பேசினார்கள். அந்தத் தாய் என்ன செய்வாள்? வாங்கிக்கொண்டாள். பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள் என்று பின்னால் எல்லோரும் அவளைத்தான் பேசினார்கள், கேவலமாகவும் பேசினார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் அரசாங்கப் பணம் 25 ஆயிரமோ 50 ஆயிரமோ அவள் கையில் இருந்திருந்தால் வாசலில் வந்து நின்றவர்களுக்கு அவள் வேறு பதில் சொல்லியிருப்பாள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். சாட்சி விலைபோகிறது என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்த இடைக்கால நிவாரணத்தை நேரத்துக்குக் கொடுக்க வைக்கட்டும்.

பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களையும் நீங்கள் படம் எடுத்துப் போடுகிறீர்கள். குற்றவாளியைக் கைது செய், இழப்பீடு கொடு, வீட்டில் ஒருவருக்கு வேலை கொடு என்று கேட்டு நாள் கணக்கில் ரோட்டில் கிடக்கிறார்கள். யாராவது அதிகாரி வந்து சமாதானம் பேசி, பெரிய வழக்காக இருந்தால் அமைச்சரே வந்து காசோலை கொடுக்கிறார். பரபரப்பாகாத கொலைக்கு ஒன்றும் இல்லை. இதைப் பார்த்துப் பார்த்து இழப்பீடு என்றால் யாரோ மனமிரங்கித் தருவது என்று ஜனங்கள் பழகிவிட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை என்றால் 2016இல் திருத்திய மத்திய விதிகளிலேயே கொலைக்கு 8 லட்சத்து 25 ஆயிரம், அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்தவுடன், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனவுடன் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது. உடலை வைத்துக்கொண்டு கேட்டு வாங்க வேண்டியதே இல்லை, அதிகாரிகள் தேடி வந்து தர வேண்டியது. பெற்ற பிள்ளையின் உடல் ஐஸ் பெட்டியில் இருக்கும்போது ஒரு அப்பா இதற்காகக் கோஷம் போட வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கிலும் இதே கதிதான். போக்சோ விதிகளின்படி வழக்கு முடியும் வரை காத்திருக்காமல் முதல் தகவல் அறிக்கை பதிவானதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம், உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். யாராவது நீதிமன்றத்தில் கேட்டால்தானே உத்தரவு வரும்? கேட்கத் தெரியாத தாய் தகப்பன் கோர்ட் வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிரிமினல் வழக்கிலும் இழப்பீடு பற்றி யோசித்து முடிவெடுப்பது நீதிமன்றத்தின் கடமை, விருப்பப்பட்டால் செய்வதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிவிட்டது. எங்கள் ஊர் நீதிமன்றங்களில் அதைக் கேட்பதற்கு அரசு வக்கீல்களும் முன்வர வேண்டும்.

மதினியின் மனு என்ன ஆனது என்று கேட்டால், விசாரித்தார்கள், கூப்பிட்டுப் பேசினார்கள், கையை மடக்கிக் காட்டச் சொன்னார்கள், தொகை வந்தது. சட்டம் சொன்ன இரண்டு மாதத்தில் வரவில்லை, காயச் சான்றுக்கும் ஸ்டேஷன் அறிக்கைக்கும் காத்திருந்ததில் இழுத்துவிட்டது. ஆணைக்குழுவில் இருந்தவர்கள் மரியாதையாக நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'உட்காருங்கம்மா' என்று நாற்காலி போட்டது அந்த ஒரு ஆபீஸில்தான். வந்த பணத்தில் வட்டிக் கடனை அடைத்தார், மிச்சத்தில் மார்க்கெட்டில் பூவை மொத்தமாக எடுத்து ஊர்ப் பெண்களிடம் கட்டக் கொடுத்து வாங்கும் வேலையை ஆரம்பித்திருக்கிறார். கட்டுவது வேறு ஆட்கள், கணக்கு மட்டும் மதினி. பழைய வருமானம் இல்லை, ஆனாலும் வீடு நிற்கிறது.

சரி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். தற்கொலைச் செய்தி போடும்போது கீழே கட்டம் கட்டி 104 என்ற எண்ணையும் சினேகா அமைப்பின் எண்ணையும் போடுகிறீர்கள். அதற்கு அதிக இடம் பிடிப்பதில்லை, ஆனால் எத்தனையோ பேர் கண்ணில் படுகிறது. அதே மாதிரி வெட்டு, குத்து, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை, கொலை, அமிலவீச்சு என்று எந்தச் செய்தி போட்டாலும் கீழே இப்படி ஒன்று போடுங்கள்: 'வன்முறைக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் அரசு இழப்பீடு கேட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. உதவிக்கு 15100.' அந்த 15100 இலவச சட்ட உதவிக்கான தேசிய எண், எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம்.

இதைப் படிக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் தகவல் அறிக்கை நகலைக் கொடுக்கும்போது இதே வரிகளை ஒரு ரப்பர் ஸ்டாம்பில் செய்து அதன் பின்பக்கம் குத்திக் கொடுங்கள். பெண்கள் திட்டத்தில் இன்னின்ன குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை ஸ்டேஷனே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது, அதை ஒழுங்காக அனுப்பினாலே பாதிப் பேருக்கு வழி பிறக்கும். ஆஸ்பத்திரியில் தையல் போடும் அறைக்கு வெளியே, நாய்க்கடி ஊசி போர்டுக்குப் பக்கத்திலேயே, இதற்கும் ஒரு போர்டு வைக்கலாம். அங்கே காத்திருப்பவர்களுக்கு அதைப் படிக்க நேரம் நிறையவே இருக்கும்.

செயின் பறித்தவர்கள் இன்னும் வெளியில்தான் இருக்கிறார்கள் என்பதால் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதம் நீளமாக இருந்தால் எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், எப்படி விண்ணப்பிப்பது என்ற பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்